நடு ஆட்டக்காரனும் அவன் ஏறும் படிகளும்

ஆம்பூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி நம் கல்லூரிக்கு வந்து படித்த மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு இறுதி வகுப்பில் இருந்தார். கல்லூரிக் கால்பந்து அணியில் அவர் நடு ஆட்டக்காரர். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு நாள் மாலை, ஆட்டம் முடிந்து யாவரும் கலைந்த பின்பு, அவர் என்னிடம் வந்து இரண்டு கடிதங்களை நீட்டினார். ஒன்று, ஆம்பூரிலுள்ள பாதரட்சைத் தொழிற்சாலையொன்றிலிருந்து வந்தது. பட்டம் பெற்றவுடன் மேற்பார்வையாளர் வேலைக்குப் பயிற்சி பெற வரலாம் என்றிருந்தது. மற்றொன்று, சென்னை லீக் பந்தயத்தில் ஆடும் கழகமொன்றிலிருந்து வந்தது. ஜூன் மாதத்தில் நடக்கும் தேர்வாட்டத்துக்கு வரலாம் என்றிருந்தது. சம்பளத்தைப் பற்றி முதற் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, இரண்டாவதில் ஒன்றுமில்லை.

"ஐயா, பந்தாடி ஒருவன் காலந் தள்ள முடியுமா? பெரிய ஆட்டக்காரனாக வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நடுத்தரமாக ஆடுகிறவனுக்குப் பிழைப்பு உண்டா?" என்று வினவினார்.

அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பத்திரிகைகள் யாவும் முதல் வரிசை ஆட்டக்காரரைப் பற்றியே எழுதுகின்றன. இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஆடிப் பதினைந்து வருஷம் ஜீவித்து, முப்பத்தைந்தாம் வயதில் ஓய்ந்து வீடு திரும்பும் மனிதனைப் பற்றி எழுதுவார் அரியர். ஆனால் ஆட்டக்காரருள் மிகப் பெரும்பாலோர் அத்தகையோரே. அம்மாணவருக்காக நான் தேடித் திரட்டிய செய்திகளே இவ்வியாசம்.

முதலில் நடு ஆட்டக்காரன் யாவன் என்பதைச் சொல்லிவிடுதல் நலம். பழைய முறையில் பந்துகாப்போன் நீங்கலாகப் பின்காவலர் இருவர், 'ஹாப்பாக்' என வழங்கப்பட்டோர் மூவர், முன்னணியினர் ஐவர் எனப் பதின்மரும் நின்றனர். இக்காலத்தில் அவ்வரிசை பலவாறாக மாறிவிட்டது. எனினும் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே நின்று பந்தை வாங்கி, திருப்பி, வழங்கும் மனிதனின் தேவை மாறவில்லை. நம் ஊர்த் தோல் ஷாப்புகளைப் பார்த்தவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். பச்சைத் தோல் வண்டியில் வந்து இறங்குவதை யாவரும் காண்பர். மினுக்கிய தோல் பெட்டியில் ஏறுவதையும் யாவரும் காண்பர். சுண்ணாம்புக் குழியிலும், சதை சீவும் பலகையிலும், சுழலும் டிரம்மிலும் இடையே நடக்கும் வேலையைக் காண்பார் இலர். அவ்வேலை கெட்டால் மட்டும் உடனே தெரிந்துவிடும். நடு ஆட்டக்காரனின் கதி அதுவே. ஓர் ஆட்டத்தில் அவன் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஓடுகிறான். பெரும்பாலும் பந்து இல்லாமலே ஓடுகிறான். கோல் அடித்தவன் பெயர் மறுநாட் பத்திரிகையில் வரும். பந்து வந்த வழியைத் தடம் பிடித்துச் சொல்ல அணியின் பயிற்சியாளன்தான் வேண்டும். ஆதலால், இவனுக்குப் பெயர் மெதுவாகப் பரவுகிறது. பெயர் பரவுமளவும் இவனைத் தாங்கி நிற்கும் ஏதோ ஒரு கீழ்ப் பிரிவு இவனுக்கு அவசியமாகிறது.

கீழ்ப் பிரிவுகள் நன்கு வேரூன்றிய தேசம் ஒன்றைப் பார்க்க விரும்பி இத்தாலியை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அத்தேசமும் தோலால் பிழைக்கும் தேசம். டஸ்கனியிலுள்ள ஸாந்தா க்ரோச்சே, நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள ஸொலோஃப்ரா, வடகிழக்கே விச்சென்ஸா மாகாணத்திலுள்ள அர்ட்ஸிஞானோ ஆகிய மூன்றும் அவர்களுடைய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனலாம். இவற்றுள் அர்ட்ஸிஞானோ, கியாம்போ என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர். ஜனத்தொகை சுமார் 25,000. அவ்வூர்க் கழகம் 2019-ஆம் ஆண்டில் தேசிய மூன்றாம் பிரிவுக்கு முதன்முறையாக ஏறி, 2020-இல் இறங்கி, 2022-இல் மறுபடியும் ஏறிற்று. பாலாற்றங்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ஒரு கழகம் தேசத்தின் மூன்றாம் பிரிவில் ஆடுவதாக நினைத்துப் பாருங்கள். இதன் பொருள் விளங்கும்.

இத்தாலியின் கால்பந்துச் சங்கம் 1898-ஆம் வருஷத்தில் நிறுவப்பட்டது. வேலூர் ஊரிஸ் கல்லூரி கல்லூரியாகத் தோன்றியதும் அவ்வருஷமே என்பது நம் வாசகருக்கு நினைவில் நிற்க உதவும். அந்நாளில் அங்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரே. 1893-இல் ஜெனோவாத் துறைமுகத்தில் அவர்கள் அமைத்த கழகம் இன்றளவும் தன் பெயரில் 'கிரிக்கெட்' என்ற சொல்லைத் தாங்கியிருக்கிறது. தேசம் முழுவதற்கும் ஒரே முதற் பிரிவு 1929-30 பருவத்தில் ஏற்பட்டது. அதன் கீழ்ப் படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. சமீப காலத்து ஏற்பாடு வருமாறு: 'ஆ' பிரிவில் 20 கழகங்கள், 'பி' பிரிவில் 20, 'சி' பிரிவில் தலா 20 வீதம் மூன்று குழுக்களாக 60. இந்நூறு கழகங்களும் தொழில்முறைக் கழகங்கள். இவற்றின் கீழ் 'டி' பிரிவில் ஒன்பது குழுக்களாக நூற்றறுபதுக்கு மேற்பட்ட கழகங்கள். அதன் கீழ் 'எச்செல்லென்ஸா' முதலிய வட்டாரப் பிரிவுகள் கிராமம் வரையில் இறங்கிச் செல்கின்றன. ஒரு கழகத்துக்கு 25 பேர் எனக் கொண்டாலும், முதல் மூன்று பிரிவுகளில் மாத்திரம் 2,500 பேர் பந்தாட்டத்தையே ஜீவனமாகக் கொண்டிருக்க இடமுண்டு என்றாகிறது. அத்தேசத்தின் ஜனத்தொகையோ ஆறு கோடிக்கும் சற்றுக் குறைவு.

இப்படிகளில் ஒரு நடு ஆட்டக்காரன் ஏறுவது எப்படி? பிரான்செஸ்கோ மஞானெல்லி என்பவரின் வரலாறு எனக்கு மிகப் பிடித்தது. அவர் 1984-இல் பிறந்தவர். 2005-ஆம் ஆண்டில் ஸஸ்ஸுவோலோ என்னும் ஊர்க் கழகத்தில் சேர்ந்தார். மொடேனாவுக்கு அருகே சுமார் 40,000 பேர் வாழும் அவ்வூர், ஓடு சுடும் தொழிலால் பெயர் பெற்றது. தரையிலும் சுவரிலும் பதிக்கும் பளபளப்பான ஓடுகள் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. கழகமோ அப்போது நான்காம் பிரிவில் இருந்தது. அடுத்த வருஷம் மூன்றாம் பிரிவுக்கு ஏறிற்று. 2008-இல் இரண்டாம் பிரிவுக்கு. 2013-இல் முதற் பிரிவுக்கு. 2016-இல் ஐரோப்பியக் கோப்பைப் பந்தயமொன்றிலும் ஆடிற்று. இத்தனை படிகளிலும் நடுவில் நின்றவர் மஞானெல்லி. வேறு கழகத்துக்கு மாறாமல், 2022-இல் ஓய்வு பெறுமளவும் ஐந்நூறு ஆட்டங்களுக்கு மேல் அவ்வொரே சட்டையில் ஆடினார். தேசிய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கோல் அடித்தும் பெயர் பெறவில்லை. ஒரு தொழில் ஊர் தன் கழகத்தை விடாமற் காத்தது. கழகம் தன் நடு ஆட்டக்காரனை விடாமற் காத்தது.

சென்னை ரசிகர் நேரில் கண்ட உதாரணமும் ஒன்றுண்டு. 2014 முதல் 2016 வரை சென்னையின் எப்.சி. கழகத்துக்குப் பயிற்சியாளராக இருந்து, 2015-இல் அதற்கு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வாங்கித் தந்த மார்க்கோ மாட்டெராட்ஸி, 2006-இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர். அவர் நடு ஆட்டக்காரரல்லர், பின்காவலர். ஆயினும் இருபது வயதை ஒட்டி அவர் ஆடியது சிஸிலித் தீவில் மார்சாலா, டிராபானி என்னும் கீழ்ப் பிரிவுக் கழகங்களில்தான். அவர் காலத்துச் சென்னை அணியில் மனுவேலே பிளாசி என்னும் இத்தாலிய நடு ஆட்டக்காரரும் இருந்தார். ஜுவெந்துஸ், நாப்போலி முதலிய பெருங் கழகங்களில் ஆடி, பின்பு இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, அதன் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர் அவர். படிகள் ஏறுவதற்கு மட்டுமல்ல, மெல்ல இறங்குவதற்கும் உதவுகின்றன என்பதை அவர் வரலாற்றிற் காணலாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு இத்தாலி ஒரு பொற்பூமி என எண்ணிவிடலாகாது. 'டி' பிரிவில் ஒரு விதி உண்டு: குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட இளைஞர் சிலரையேனும் களத்தில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். இளைஞரை வளர்க்க ஏற்பட்ட நல்ல விதிதான். ஆனால் அதன் பயனைப் பெற்று இடம் பிடித்த வாலிபன், இரண்டு மூன்று வருஷத்தில் அவ்வயதைக் கடந்தவுடன் அவ்விடத்தை இன்னோர் இளைஞனுக்கு விட வேண்டியவனாகிறான். பத்தொன்பது வயதில் வேண்டப்பட்டவன் இருபத்திரண்டு வயதில் வேண்டாதவன் ஆகிறான். அவன் ஆட்டம் இதற்கிடையில் கெட்டுவிடவில்லை. கணக்கு மட்டுமே மாறிற்று. அவருள் பலர் பகலில் வேறு வேலையும் மாலையில் ஆட்டமுமாகக் காலங் கழிக்கின்றனர்.

கழகங்கள் முறிவதும் அங்கு அடிக்கடி நிகழ்வதே. 2015-இல் பார்மா என்னும் புகழ் பெற்ற கழகம் கடனில் மூழ்கி முதற் பிரிவிலிருந்து நேரே நான்காம் பிரிவுக்கு வீழ்ந்தது. அது 2018-க்குள் மூன்று பிரிவுகளையும் தொடர்ந்து ஏறி மீண்டது வேறு கதை. மீளாதனவும் உண்டு. 'சி' பிரிவிலிருந்த ப்ரோ பியாச்சென்ஸா என்னும் கழகம் மாதக் கணக்கில் சம்பளம் தரவில்லை, ஆட்டக்காரர் விலகினர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி கூனியோ அணியுடன் ஆட வேண்டிய நாளில் அக்கழகம் ஏழே பேருடன், பெரும்பாலும் சிறுவருடன், களமிறங்கிற்று. முடிவு இருபதுக்குப் பூஜ்யம். அக்கழகம் அப்பருவத்திலேயே பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது. அச்சிறுவர்களைப் பார்த்து நகைத்தவர் பலர். சம்பளமின்றி விலகியவர்களுள் மனைவி மக்களோடு வாடகை வீட்டில் இருந்தோர் எத்தனை பேரோ!

இத்தகைய இன்னல்களுக்கு அத்தேசத்தார் இரண்டு அணைகள் கட்டினர். 1968-இல் ஸெர்ஜியோ கம்பானா என்னும் முன்னாள் ஆட்டக்காரர், அவர் வக்கீலும் ஆவார், ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் தலைமை நிலையம் அர்ட்ஸிஞானோ அடங்கிய விச்சென்ஸா மாகாணத்தின் தலைநகரிலேயே அமைந்தது. பின்பு 1981-ஆம் ஆண்டின் 91-ஆம் சட்டம், தொழில்முறை ஆட்டக்காரருடன் செய்யும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், காயத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2023-இல் அதனிடத்தில் புதிய சட்டமொன்று நடைமுறைக்கு வந்து, அமெச்சூர் பிரிவுகளில் ஊதியம் பெறுவோரையும் தொழிலாளராகக் கணக்கிற் கொண்டது. சட்டமிருந்தும் ப்ரோ பியாச்சென்ஸா நேர்ந்ததே என்பீர். நேர்ந்தது; ஆனால் அங்கே ஒப்பந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க இடமிருந்தது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். இங்கே நெடுங்காலம் பந்தாட்டம் ஒரு ஜீவனமாக இருக்கவில்லை. ஜீவனம் தரும் உத்தியோகத்துக்கு அது ஒரு வாசலாக இருந்தது. சென்னையில் ரயில்வே, ஐ.சி.எப்., சுங்க இலாகா, இந்தியன் வங்கி முதலிய ஸ்தாபனங்கள் தத்தம் அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்குக் குமாஸ்தா வேலை கிடைக்கும், மாலையில் ஆடுவான், கால் ஓய்ந்த பின்பும் நாற்காலி இருக்கும், பென்ஷனும் உண்டு. இம்முறையை எள்ளி நகையாடுவோர் உளர். நான் அவர்களுள் ஒருவனல்லன். அது ஆட்டத்தின் தரத்தை உயர்த்தவில்லை என்பது மெய்யே. ஆனால் ஒரு தலைமுறை ஆட்டக்காரரின் வீட்டில் அடுப்பெரியச் செய்தது. 1996-இல் தேசிய லீக் தோன்றியபோது இந்தியன் வங்கி அணியே அதில் ஆடிற்று என்பதை நினைக்க வேண்டும்.

உத்தியோக அணிகளை விட்டு வெளியேறி ஆட விரும்பியவர்க்குக் கல்கத்தாவே கதி. தஞ்சாவூர் நடு ஆட்டக்காரர் காலியா குலோத்துங்கன் அவ்வாறு சென்றவர். 2003-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் கழகம் ஆசியான் கோப்பையை வென்றபோது அவ்வணியில் அவர் இருந்தார்; பின்பு மோகன் பகானிலும் ஆடினார். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சாலை விபத்தில் உயிர் நீத்தார். தஞ்சையில் அவரை அறிந்தவர் இன்றும் உண்டு. வேலூரில் அவர் பெயரைச் சொன்னபோது என் மாணவருக்குத் தெரியவில்லை. அவரும் ஒரு நடு ஆட்டக்காரரே என்பதால் இதைச் சற்று வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இடையே ஒரு சிறு செய்தி. இத்தாலிக்கும் தமிழருக்கும் பந்தாட்டத்தில் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் இடம் பெற்றிருந்தார். அவ்வணி பிரான்ஸோடு ஒன்றுக்கொன்று என்று சமன் செய்த ஆட்டம், ரோமில் அன்று, கிரொஸ்ஸெட்டோ என்னும் சிற்றூர் மைதானத்தில் நடைபெற்றது. கீழ்ப் பிரிவுக் கழகமொன்றின் ஊர் அது.

உத்தியோகத்தின் துணையின்றிப் படிப்படியாக ஏறிய தமிழ் நடு ஆட்டக்காரரைத் தேடினால், நம் காலத்தில் மைக்கேல் சூசைராஜ் முன்னிற்கிறார். 1994-இல் பிறந்தவர், ஊர், கன்னியாகுமரி ஜில்லா இரவிபுத்தன்துறை. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்றொழில் ஊர்களுள் ஒன்று அது. அங்கே மணலும் பந்தும் பிரியா. அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் ஆட்டக்காரரே. சூசைராஜ் வெளியுலகுக்குத் தெரிய வந்தது சென்னை சிட்டி என்னும் கழகத்தின் மூலம். 1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்று தோன்றிய பழைய சங்கமே அது. பெயர் மாறி, 2016-17 பருவத்தில் ஐ-லீக் பந்தயத்தில் இடம் பெற்றது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் பிற்பாதியிலேயே நின்றது. தோற்கும் அணியில் நடு ஆட்டக்காரனாக இருப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை. பந்து எப்போதும் எதிரி காலில் இருக்கும், ஓட்டம் இரட்டிப்பாகும். ஆயினும் இடப்புறத்திலிருந்து அவர் பந்தைக் கொண்டு உள்ளே திரும்பும் வேகத்தைப் பலரும் கவனித்தனர். 2017-18 பருவத்தின் சிறந்த நடு ஆட்டக்காரர் என்னும் பரிசு, எட்டாம் இடத்து அணியிலிருந்த அவருக்குக் கிடைத்தது.

அப்பருவம் தொடங்கிய சில நாட்களில், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் அக்கடற்கரையைத் தாக்கி ஆழ்கடலிலிருந்த மீனவர் பலரைக் கொண்டுபோனதென்பதை வாசகர் மறந்திரார். தூத்தூர்ப் பக்கத்தில் துக்கம் காணாத ஊர் இல்லை. அந்த மாதங்களில் அவ்வூர் வாலிபர் தொலைதூரத்து மைதானங்களில் எவ்விதம் ஆடினர் என்பதை நினைக்கையில், பரிசைக் காட்டிலும் அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அடுத்த படி ஜாம்ஷெட்பூர். இரும்பு வேலைக்குப் பெயர் பெற்ற அந்நகரத்தின் கழகத்தில் 2018-19 பருவத்தில் ஆடினார். 2018 நவம்பர் 1-ஆம் தேதி கோவா அணியை நாலுக்கு ஒன்று என வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையவை. அதற்கடுத்த படி கல்கத்தாவின் ஏ.டி.கே. கழகம். இங்கேதான் கவனிக்க வேண்டிய மாற்றம் நிகழ்ந்தது. அக்கழகத்தின் பயிற்சியாளர் ஹபாஸ், பின்னே மூவர், நடுவே ஐவர், முன்னே இருவர் என்னும் வரிசையில் ஆடச் செய்பவர். நடு வரிசை ஐவரில் இடக்கோடியில் நிற்பவன் தாக்கும்போது முன்னணியினனாகவும், காக்கும்போது பின்காவலனாகவும் ஆக வேண்டும். கோல் அடித்துப் பெயர் வாங்கிய சூசைராஜை அந்த இடக்கோடியில் நிறுத்தினார். கோல்கள் குறைந்தன, வேலை கூடிற்று. அவர் அதை ஏற்று ஆடினார். 2020 மார்ச் 14-ஆம் தேதி, பெருந்தொற்றின் காரணமாகப் பார்ப்போர் ஒருவருமில்லாத கோவா மைதானத்தில், சென்னையின் எப்.சி. அணியை மூன்றுக்கு ஒன்று என வென்று ஏ.டி.கே. கோப்பையைக் கொண்டது. இதற்கு முன்னமே 2019-இல் அவர் இந்திய அணியிலும் ஆடியிருந்தார்.

2020 நவம்பர் 20. ஏ.டி.கே.யும் மோகன் பகானும் ஒன்றான புதிய அணியின் முதல் ஆட்டம். எதிரி கேரள பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம் ஆகுமுன்பே முழங்காலில் காயமுற்று அவர் வெளியேறினார். அவ்வணி அன்று ஒரு கோலால் வென்றது. அவரோ அப்பருவம் முழுதும் திரும்பவில்லை. இருபத்தாறு வயது, நடு ஆட்டக்காரனுக்கு அது உச்ச காலம். காயம் ஆறித் திரும்பி வந்து 2022-இல் ஒடிஷா அணிக்குச் சென்றார்.

இந்த இடத்தில் அவர் ஏறிய முதற் படியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னை சிட்டி கழகம், அவர் நீங்கிய அடுத்த பருவத்திலேயே, 2018-19-இல், சிங்கப்பூர் அக்பர் நவாஸின் பயிற்சியில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதன் ஆட்டங்கள் அப்போது கோயம்புத்தூரில் நடந்தன. கடைசி நாளில் மினர்வா பஞ்சாப் அணியை மூன்றுக்கு ஒன்று என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி முன் நின்று பெற்ற பட்டம் அது. அவ்வணியிலிருந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் பின்பு சென்னையின் எப்.சி. அணியின் நடுவில் ஆடினார். பட்டம் வென்று மூன்று ஆண்டுகள் ஆகவில்லை. 2021-22 ஐ-லீக்கில் ஆடிய பதின்மூன்று கழகங்களுள் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து ஒருவனை இந்திய அணி வரை ஏற்றிய படி, அடுத்தவன் கால் வைக்குமுன் அகன்றுவிட்டது.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இதுவே. 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் 13 கழகங்கள், ஐ-லீக்கில் 12, ஆக 25. இத்தாலியில் இதே பொருளில் 100. ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவும், 2023-இல் தொடங்கிய மூன்றாம் பிரிவும் உண்டெனினும், அவற்றின் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. மீதி மாதங்களுக்கு ஆட்டக்காரன் கேரளத்து எழுவர் பந்தயத்தையோ உள்ளூர்க் கோப்பைகளையோ நாட வேண்டியிருக்கிறது. ஐ-லீக் வென்ற கழகம் மேற்பிரிவுக்கு ஏறும் வழக்கமே 2023-இல்தான் தொடங்கிற்று. 2025-இலோ, தேசியச் சங்கத்துக்கும் வியாபார நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில் வழக்கு முற்றி, மேற்பிரிவுப் பருவமே உரிய காலத்தில் தொடங்கவில்லை. கழகங்கள் சில வேலையை நிறுத்திவைத்தன. முதல் வரிசை ஆட்டக்காரரே வீட்டிலிருந்தனர் எனின் கீழ் வரிசையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நான் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மே மாதத்தில் அம்மாணவரிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். நான் எதிர்பார்த்தபடி மஞானெல்லியைப் பற்றியோ சூசைராஜைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "முழங்கால் போனால் வைத்தியச் செலவு யாருடையது ஐயா?" என்றார். அதைச் சென்னைக் கழகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கும்படியும், விடை எழுத்தில் வந்தால் மட்டும் தேர்வாட்டத்துக்குப் போகும்படியும் சொன்னேன். தொழிற்சாலையாரிடம் மூன்று மாத அவகாசம் கேட்கும்படியும் சொன்னேன். அவர் தகப்பனார் தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை செய்தவராதலின், கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அவகாசம் கிடைத்தது. கழகத்திலிருந்தும் பதில் வந்தது. களத்தில் நேரும் காயத்துக்கு மட்டும் செலவை ஏற்பதாகவும், பயிற்சியில் நேர்வதற்கு ஏற்பதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. அவர் அதைக் கொண்டுவந்து காட்டி, "பயிற்சி நூறு நாள், ஆட்டம் இருபது நாள் ஐயா" என்றார். பின்பு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜூன் முதல் வாரத்தில் சென்னைக்குப் போனார். தேர்வாட்டத்தில் இருபத்தைந்து நிமிஷம் ஆட விட்டார்களாம். நடுவில் அல்ல, இடக்கோடியில்.